நாற்பத்து மூன்று தறிக்காரர்களும் ஒரு கவுன்சிலரும்

அப்பாதுரைக்கு ஓட்டுப் போடச் சொல்லி வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் பெரியநாயகிதான். அந்த வெட்கக்கேட்டை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. "செருப்பால அடிங்க என்ன" என்று அவளே பத்துப் பேர் நடுவில் சொல்லியிருக்கிறாள். யாரும் அடிக்கவில்லை. அடிப்பதென்றால் கீழப் பாவடித் தெருவில் எல்லோரையும்தான் அடிக்க வேண்டும். அத்தனை பேரும் அவள் பேச்சைக் கேட்டு அந்த ஆளுக்குத்தான் குத்திவிட்டு வந்தார்கள்.

அவள் சொன்னால் தெரு கேட்கும். காரணம், அவள் தொழில். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைத் தொகுதிதான் பாவு. ஒரு பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய பாவின் நுனியோடு புதியதை இழை இழையாக முறுக்கி இணைக்க வேண்டும். அதற்குப் பாவு பிணைப்பது என்று பெயர். ஆயிரக்கணக்கில் இழை. ஒரு வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு நாள் ஆகும். கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்குமா? தெருவில் நாற்பத்து மூன்று தறி. நாற்பத்து மூன்று வீட்டிலும் அவள் உட்கார்ந்து பேசாத பேச்சு கிடையாது.

அந்த வருஷம் அவள் பேசியதெல்லாம் கால்வாயைப் பற்றித்தான். தெருவின் மழைத் தண்ணீர் பின்பக்கத்துக் கால்வாய் வழியாக வேகவதி ஆற்றில் போய் விழ வேண்டும். நடுவில் ஒரு மரக்கடை. கடைக்காரன் வண்டி உள்ளே வர வசதியாக இருக்கட்டும் என்று கால்வாயின் குறுக்கே கருங்கல்லை அடுக்கி, மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டான். தண்ணீர் போக விட்ட துவாரத்தில் ஒரு பெருச்சாளி நுழைந்தால் அதிகம். மழை வந்தால் தண்ணீர் திரும்பித் தெருவுக்கே வரும். தறிக்காரன் கால் போட்டு உட்காரும் குழி இருக்கிறதே, அதில் முழங்கால் அளவு ஊறி நிற்கும். மிதிக்கட்டை உப்பிக்கொள்ளும். பட்டுப் பாவு ஈரம் இழுத்துச் சாயம் கக்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் தெருவே கையைக் கட்டிக்கொண்டு உட்காரும். தையில் கல்யாணத்துக்குப் புடவை கேட்டவர்கள் வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள்.

இதைச் சொல்லாத ஆள் இல்லை, எழுதாத மனு இல்லை. அறுபத்தேழில் ஆட்சியே மாறியது. மரக்கடைக் கருங்கல் மட்டும் அசையவில்லை. ஒருத்தன் வந்தான், "பார்க்கிறேன்" என்றான். இன்னொருத்தன் வந்தான், "பார்த்துவிட்டேன்" என்றான். இரண்டு பேரும் பார்த்ததோடு சரி.

அப்புறம் நகரசபைத் தேர்தல் வந்தது. முசரவாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அப்பாதுரை, நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு டவுனில் அரசியல் பண்ண வந்தவன், அந்த வார்டில் நின்றான். காலை ஆறரை மணிக்கு ஜீப்பில் வந்தவன் தெருமுனையிலேயே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. இளம் நெசவுக்காரி கலாவதி வீட்டுப் பாவு அன்றைக்குத் தெரு நீளத்துக்கும் நீட்டியிருந்தது. வெயில் ஏறுவதற்குள் கஞ்சி போட்டு, இழை பிரித்து, உலர்த்திச் சுருட்டியாக வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலையில்லை. தெருவே வந்து நின்று பிடித்தால்தான் உண்டு.

அப்பாதுரை இறங்கி நடந்தே வந்தான். வெள்ளை வேட்டி, கரைத் துண்டு, முப்பத்திரண்டு பல்லும் வெளியே. பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு. கஞ்சிப் பானைக்கும் ஒரு கும்பிடு போட்டிருப்பான், பின்னால் வந்தவன் தடுத்துவிட்டான்.

"இன்னாபா, ஓட்டா?" என்றாள் பெரியநாயகி, கையிலிருந்த இழையை விடாமல். "மரக்கட யாருது தெரியுமா?"

"தெரியும்க்கா. எம்பொண்டாட்டியோட அண்ணன்து. என் மச்சான்துதான்" என்றான் அவன். மறைக்கவில்லை. அந்த இடத்தில்தான் பெரியநாயகி கொஞ்சம் ஏமாந்தாள். "மச்சானா மக்களான்னு வந்தா, எனக்கு மக்கள்தான்க்கா முக்கியம்."

"இந்த மாரி பேச்செல்லாம் நெறைய கேட்டாச்சி. எங்க தெருவுக்கு ஒரு வழக்கம் இருக்குது. கேளு."

வழக்கம் இதுதான். அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்குப் பஜனை கோயில் வாசலில் தறிக்கு ஒருவராகக் கூடுவார்கள், ஆணோ பெண்ணோ. அடுத்த அமாவாசை வரை யார் வீட்டுப் பாவு எந்த நாளில் தெருவில் நீளும் என்று முறை சொல்ல ஒருவரைக் கை தூக்கித் தேர்ந்தெடுத்து, அவர் கையில் ஒரு கோலைக் கொடுப்பார்கள். கோல்காரர் தன் தம்பிக்கு முறையை முன்னால் தள்ளினாலோ, ஆகாதவன் முறையைப் பின்னால் தள்ளினாலோ, அமாவாசை வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூப்பிட்டுக் கோலை வாங்கிக்கொள்வார்கள். அவரும் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போய்விடுவார். அதில் அவமானமும் இல்லை, அழுகையும் இல்லை. அந்த வருஷம் மாதாமாதம் கோல் ஆதிகேசவன் கைக்கே வந்துகொண்டிருந்தது. அறுபது வயதுக்காரர், பேச்சுக் குறைவு.

"நீயும் அந்த மாரி ஒரு கோல்காரன்தான்" என்றாள் பெரியநாயகி. "அமாவாசைக்கு அமாவாசை இங்க வந்து நிக்கணும். கேட்டதுக்குப் பதில் சொல்லணும். எறங்குன்னு சொன்னா எறங்கணும். இந்தப் பாவு மேல கைய வெச்சி சத்தியம் பண்ணு. தெரு மொத்தமும் ஒனக்குத்தான் போடும்."

அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்த கையைத் தூக்கி அப்படியே அரக்குப் பட்டின் மேல் வைத்தான். "சத்தியம்க்கா." கை எடுத்த இடத்தில் வெள்ளையாக நான்கு விரல் பதிந்திருந்தது. கலாவதி முகம் சுருங்கிப்போனது. ஈரத்துணி வைத்துத் துடைக்க அரைமணி நேரம் ஆயிற்று. ஆனால் தெருவுக்கு அது பெரிதாகப் படவில்லை. பாவின் மேல் சத்தியம் பண்ணிவிட்டு மீறியவன் அந்தத் தெருவில் கிடையாது. அந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு நாற்பத்து மூன்று வீடும் அவனை நம்பியது.

ஜெயித்தான். முதல் அமாவாசைக்கு வந்தான், மாலையைக் கழற்றாமலே. சோடா குடித்தான், போனான். இரண்டாவது அமாவாசைக்கு ஒரு ஆளை அனுப்பினான். அந்த ஆளுக்குக் கால்வாய் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. மூன்றாவதற்கு அந்த ஆளும் வரவில்லை. அப்புறம் ஆனி போயிற்று, ஆடி போயிற்று. பஜனை கோயில் வாசலில் கூடியவர்கள் முதலில் வழியைப் பார்த்தார்கள், அப்புறம் பெரியநாயகியைப் பார்த்தார்கள்.

ஆவணியில் அவள் பொறுமை போய்விட்டது. ஆதிகேசவனையும் கலாவதியையும் கூட்டிக்கொண்டு நகரசபைக் கூட்டத்துக்குப் போனாள். பொதுமக்கள் உட்காரப் பின்னால் ஒரு பெஞ்சு போட்டிருந்தது. முன்னால் நாற்காலிகளில் வார்டு வார்டாக உறுப்பினர்கள். ஒரு வளைவுக்கு யார் பெயர் வைப்பது என்று ஒன்றேகால் மணி நேரம் பேசினார்கள். வளைவு இன்னும் கட்டவே இல்லை. ஒருவர் தமிழின் தொன்மையில் ஆரம்பித்தார், இன்னொருவர் அதற்கும் முன்னாலிருந்து ஆரம்பித்தார். அப்பாதுரை மூன்றாவது வரிசையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். கை தூக்கச் சொன்னபோது பக்கத்துக்காரர் இடித்தார். விழித்து, எதற்கென்று கேட்காமல் கையைத் தூக்கிவிட்டு, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

நம் தெருவின் கை அது என்று பெரியநாயகிக்குத் தோன்றியது. எழுந்து நின்றுவிட்டாள். "ஏம்பா அப்பாதொர! எங்க கால்வா இன்னா ஆச்சி?"

மணி அடித்தது. "பொதுமக்கள் பேச அனுமதி இல்லை. எதுவானாலும் உங்கள் வார்டு உறுப்பினர் மூலமாகச் சொல்லுங்கள்" என்றார் தலைவர். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். விதி அப்படி.

"அவருதான் தூங்கிக்கினு இருக்காரே, சாமி! எழுப்பிச் சொல்லவா?"

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். பியூன் வந்து, "எழுந்திரும்மா, எழுந்திரு" என்று மூவரையும் வெளியே கொண்டுவந்து விட்டான்.

வராந்தாவில் அப்பாதுரை பின்னாலேயே வந்தான். கோபம்கூட இல்லை அவனுக்கு. தமாஷ் பார்த்தவன் முகம். "இன்னாக்கா இது? ஓட்டு போட்டாச்சி இல்ல? அஞ்சி வருஷத்துக்கு நிம்மதியா போயி தறிய பாருங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

"பாவு மேல சத்தியம் பண்ணியே, நாக்கு கூசல?"

"நூலு மேலதானேக்கா பண்ணேன்? நானு இன்னா நெசவாளியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஜீப் ஏறிப் போய்விட்டான்.

பெரியநாயகி வழி நெடுக அதையே அசைபோட்டுக்கொண்டு நடந்தாள். ராத்திரி சாப்பிடும்போதுதான் புருஷன் அர்ஜுனனிடம் சொன்னாள்: "அந்தத் தேவாங்கு சரியாதான்யா கேட்டான். நம்ம தெருவுல பாவு மேல பொய் சத்தியம் யாரும் ஏன் பண்ண மாட்டான்? சாமி கண்ண குத்தும்னா? பண்ணா நாளைக்கி அவன் பாவ நீட்ட ஒருத்தனும் வர மாட்டான். தனியா ஒருத்தன் பாவு நீட்ட முடியுமா? அந்த பயந்தான் சத்தியம். இவனுக்கு நம்ம கை ஒரே ஒரு நாளைக்கித்தான் வேணும். அந்த நாளு போயிடிச்சி. இதுக்கப்பறம் நம்மகிட்ட இவனுக்கு இன்னா பயம்? கோலக் குடுத்தோம், வாங்கிக்க வழி வெச்சிக்கினு குடுத்தோமா? நம்ம நெத்தியில நாமளே நாமம் போட்டுக்கினோம்."

"சோத்த தின்னு" என்றான் அர்ஜுனன். அவனுக்கு அரசியல் ஆகாது. ஆனால் அன்றைக்கு அவனும் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டான்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் பெரியநாயகி வீட்டுத் தறிக்குழியில் தண்ணீர். அர்ஜுனன் உள்ளே நின்று பக்கெட்டால் மொண்டு மொண்டு கொடுக்கிறான், அவள் வாங்கி வாங்கி வெளியே ஊற்றுகிறாள், வெளியே ஊற்றியது திரும்ப உள்ளே வருகிறது. தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை. பாவின் கீழ் வரிசையில் சாயம் கசிந்து அரக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. அர்ஜுனன் பக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுக் குழியிலேயே நின்றான். அவன் அழுகிறானா, முகத்தில் மழைத் தண்ணீரா என்று அவள் பார்க்க விரும்பவில்லை.

வெளியே தெருவைக் கூட்ட ஆதிகேசவன் கோலால் பஜனை கோயில் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தெரு நனைந்துகொண்டே கூடியது.

"மரக்கடக் கல்ல நாமளே எடுத்துடலாமா?" என்றார் ஆதிகேசவன். அவ்வளவுதான் அவர் பேச்சு. "வேணும்ங்கறவங்க கை தூக்குங்க."

நாற்பது கை எழுந்தது. மூன்று பேர் தூக்கவில்லை. போலீசு, கேசு என்று அவர்களுக்குப் பயம். பயத்தை அவர்கள் வாய் விட்டுச் சொன்னார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் தெரு முடிவு பண்ணிவிட்டால் வேண்டாம் என்றவரும் வருவார். அந்த மூன்று பேரும் வீட்டுக்குப் போய்க் கடப்பாரை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

மரக்கடைக்காரன் தேக்கு வாங்க மலைப்பக்கம் போயிருந்தான். கடையில் இருந்த கணக்குப்பிள்ளை கூட்டத்தைப் பார்த்ததும் குடையை எடுத்துக்கொண்டு காபி குடிக்கக் கிளம்பிவிட்டார். பகல் பதினொன்றுக்கு ஆரம்பித்தார்கள். பெண்கள் மண்ணை வாரினார்கள், ஆண்கள் கல்லை நெம்பினார்கள். ஒரு மணிக்குக் கடைசிக் கல் புரண்டது. தேங்கி நின்ற தண்ணீர் ஒரு இரைச்சலோடு கிளம்பி வேகவதிப் பக்கம் ஓடியது. எத்தனை வருஷத்து மனு, எத்தனை கும்பிடு, எத்தனை பேர் காலில் விழுந்தார்கள்! வேலை என்னவோ இரண்டு மணி நேர வேலை. பெரியநாயகிக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

சாயந்திரத்துக்குள் குழிகள் வடிந்தன. அர்ஜுனன் வெளுத்த இழைகளை மட்டும் அறுத்துப் புது இழை பிணைத்தான். புடவை பிழைத்துக்கொள்ளும் என்றான்.

எட்டு நாள் கழித்து ஜீப் சத்தம் கேட்டது. அப்பாதுரை! கூடவே ஒரு போட்டோக்காரன், இரண்டு மாலை, ஒரு கொத்தனார், சாக்கில் சுற்றிய ஒரு கல். கல்லைத் தெருமுனையில் நட்டார்கள். "வார்டு உறுப்பினர் திரு. அப்பாதுரை அவர்களின் அயராத முயற்சியால் இக்கால்வாய் அடைப்பு அகற்றப்பட்டது" என்று செதுக்கியிருந்தது. கீழே தேதியும் போட்டிருந்தான், அவர்கள் உடைத்த அதே தேதி. மாலையைத் தன் ஆளிடம் கொடுத்துத் தன் கழுத்தில் போடச் சொல்லி, போட்டோக்காரனைப் பார்த்துச் சிரித்தான்.

தெருவில் ஒருவரும் கை தட்டவில்லை. காறித் துப்பவும் இல்லை. "மச்சான் வந்தா இன்னா சொல்வேபா?" என்று பெரியநாயகி மட்டும் கேட்டாள்.

"அவர நான் சரிக்கட்டிக்கறேன்க்கா. நம்ம ஆளுதானே."

அந்த 'நம்ம ஆள்' மச்சான் சரிக்கட்ட முடிகிற ஆளாக இல்லை. ஊரிலிருந்து வந்தான், கடை வாசலைப் பார்த்தான், நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டான். மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் தெருவுக்கு வந்தார். "யாருய்யா ஒடச்சது?"

ஆதிகேசவன் மெதுவாக ஒரு விரலை நீட்டித் தெருமுனைக் கல்லைக் காட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் போய்க் குனிந்து படித்தார். இன்னொரு தடவை படித்தார். தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பெயரையும் தேதியையும் அப்படியே எழுதிக்கொண்டு போனார். அன்றைக்குப் பெரியநாயகி வீட்டில் பாயசம்.

மறுநாள் காலையில் அப்பாதுரை வந்தான். நடந்து வந்தான். சட்டை கசங்கியிருந்தது, முகத்தில் இரண்டு நாள் தாடி. பொண்டாட்டி அண்ணன் பக்கம் சேர்ந்துகொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாளாம். கட்சியில் விளக்கம் கேட்கிறார்களாம். கேசு கோர்ட்டுக்குப் போனால் பதவி போனாலும் போகுமாம். "நீங்கதான் ஒடச்சீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஒங்க கால்ல விழறேன்" என்றான்.

ஆதிகேசவன் கதவைத் தட்டினார். தெரு கூடியது. அப்பாதுரை நடுவில் நின்றான், கையைக் கட்டிக்கொண்டு.

பெரியநாயகிதான் முதலில் பேசினாள். "போவட்டும் விடுங்க! கல்லுல பேர வெட்டிக்கினான் இல்ல? கோர்ட்டுலயும் வெட்டிக்கட்டும். நாம எதுக்கு நடுவுல? வாயத் தெறக்காதீங்க ஒருத்தரும்." அவளுக்கு அது இனித்தது. இத்தனை நாள் வயிற்றெரிச்சலுக்கு அதைவிட நல்ல மருந்து கிடைக்காது.

பல பேர் தலையாட்டினார்கள். அப்போது கலாவதி எழுந்தாள். இருபத்திரண்டு வயது, கூட்டத்தில் அதுவரை பேசியதில்லை.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. நாம பேசாம இருந்தா இன்னா ஆவும்? அவருதான் ஒடச்சாருன்னு கோர்ட்டுல எழுதிடுவாங்க. அப்பறம் அதான் நெசம். நாளைக்கி ஜனங்களுக்காக ஜெயிலுக்குப் போனேன்னு இவரு அதையே சொல்லிக்கினு ஓட்டு கேட்டு வருவாரு. நம்ம கையெல்லாம் தோலு உரிஞ்சி ஒடச்சது. அதுக்கும் இவரு பேரா?"

அப்பாதுரை அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்த யோசனை அவனுக்கே அதுவரை தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"கேசு நம்ம மேல வருமே?" என்றார் ஒருவர்.

"வரட்டும். நாப்பத்து மூணு பேர எங்க வெப்பாங்க?" என்றாள் கலாவதி.

ஆதிகேசவன் கை தூக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக எழுந்தது. அன்றைக்குப் பயந்த மூன்று பேரும் தூக்கினார்கள். பின்னால் நின்ற அர்ஜுனனும் தலையாட்டினான், பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல்; அந்த வீட்டுக் கை அவளுடையது. பெரியநாயகியின் கை மட்டும் மடியில் கிடந்தது. இந்தப் பிறவியைக் காப்பாற்றவா என்று அவளுக்குத் தாங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் சொன்னதில் எங்கே தப்பு என்று தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. "தூ!" என்று தரையில் துப்பிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

எல்லோருமாக ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். தெருவில் அன்றைக்குத் தறி ஓடவில்லை. அப்பாதுரையும் பின்னாலேயே வந்தான். வழியில் அவனுக்கு மெல்ல மெல்லத் தெம்பு வந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டான். எதிரில் வந்த இரண்டு பேருக்குக் கும்பிடு போட்டான். ஸ்டேஷன் படி ஏறும்போது எப்படியோ கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

சப்-இன்ஸ்பெக்டர் வாசல் நிறைய நின்ற கூட்டத்தைப் பார்த்து எழுந்துவிட்டார். "என்னய்யா இது, ஊர்வலமா? எல்லாரும் கத்தாதீங்க. ஒங்க சார்பா யாரு பேசறது?"

"நான் பேசறேன் சார்" என்றான் அப்பாதுரை, தொண்டையைச் செருமிக்கொண்டு. "இந்த வார்டு மக்களோட பிரதிநிதி என்ற முறையில..."

பெரியநாயகி அவன் தோளைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

"ஒன்ன யாரும் அனுப்பல, நகரு" என்றாள். பிறகு மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "சார், பெரிய நோட்டா எடுங்க. நாப்பத்து மூணு பேரு. மொதப் பேரு கலாவதி. ரெண்டாவது பெரியநாயகி."

கலாவதி முன்னால் வந்து, கையெழுத்துப் போட எந்த இடம் என்று கேட்டாள்.